பவானியில் நான்காவது சுற்று

"வழி தெரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லும் ஆண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தக் கூட்டத்தில் சேரும் துணிச்சல்தான் இன்றுவரை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வேலை கிடைத்துப் பவானிக்குப் புதிதாகப் போயிருந்தேன். கோவையில் எனக்குப் பெண் பார்த்து முக்கால்வாசி முடிவாகியிருந்தது. பெண்ணை எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. பாக்கி இருந்தது அவளுடைய தாய்மாமனின் சம்மதம். அவர் என்னை நேரில் பார்த்துச் "சரி" சொன்னால் நிச்சயதார்த்தம். இல்லையென்றால் இல்லை.

மாமா வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே, "ஏனுங் தம்பி, ஆத்தோரம் பழைய ஊடெல்லாம் இருக்குதாமா? நடந்தே ஒரு சுத்து பாத்துப்போட்டு வரலாமுங்களா?" என்றார்.

"எனக்கு அத்துப்படிங்க மாமா!" (நிச்சயமாகும் முன்பே மாமா!)

உண்மையில் எனக்கு அத்துப்படியானது ரூமிலிருந்து மெஸ்ஸுக்குப் போகும் வழி மட்டுமே.

ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்து நடந்தால் தொலைந்துபோக மாட்டோம் என்பது என் கணக்கு. பவானி இரண்டு ஆறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர் என்பது அந்தச் சித்திரை வெயிலில் மறந்துபோயிற்று. சந்துக்குள் நுழைந்தால் படித்துறை. அடுத்த சந்தில் நுழைந்தால் இன்னொரு படித்துறை. "இதானுங்க காவேரி" என்று நான் கம்பீரமாகக் கைநீட்டியபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் தலைநிமிராமலே, "இது பவானியாறுங்க" என்றார்.

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, இந்த நீலக்கதவ முன்னாலயே பாத்த மாதிரி இருக்குதுங்க."

"அந்தக் காலத்துல எல்லா ஊட்டுக்கும் நீலக்கதவுதானுங்க மாமா."

எல்லா வீட்டு வாசலிலும் அதே அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருப்பாரா என்று அவர் கேட்கவில்லை. பெருந்தன்மை. அடுத்த சுற்றில் அந்த அம்மா எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடினார். அதற்கடுத்த சுற்றில் வீட்டுக்குள்ளிருந்து நெய் வாசம் வந்தது. நான்காவது சுற்றில் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

"வாங்க, வாங்க. எத்தன வாட்டிதான் வெளியிலயே நின்னு பாப்பீங்க?"

சொம்பை நீட்டிய பிறகு வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. உள்ளே போனோம். மின்விசிறி சுற்றியது. சூடாகக் கேசரி வந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவர்கள் கேசரி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பதற்குள், பட்டுப்புடவையில் ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் தெருவில் சும்மா போவதுபோல் போய் வீட்டை நோட்டம் விடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், தேய்த்த சட்டையில் ஒரு இளைஞன். நீலக்கதவையே முறைத்தபடி நான்கு சுற்று!

"பையனுக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்று அந்த அம்மா கேட்டார். மாமா கேசரியைத் தின்றபடி என்னையே பார்த்தார்.

"எனக்குப் பொண்ணு முடிவாயிருச்சுங்க!" என்று கத்தினேன். "இவருதானுங்க அந்தப் பொண்ணோட தாய்மாமன்!"

அந்த அம்மா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணோட மாமனையே கூட்டிக்கிட்டு இன்னொரு பொண்ணு பாக்க வந்தீங்களா?"

காப்பித் தட்டோடு நின்ற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். "வழி தெரியாமத்தான் சுத்தறாங்கன்னு நான் அப்பவே சொன்னனேம்மா! கேட்டீங்களா?"

பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் வழி சொன்னாள். வீட்டிலிருந்து அடுத்த திருப்பம்.

கோவைக்குப் போய் மாமா தன் அக்காவிடம் சொன்ன தீர்ப்பு இது: "வழி தெரியலைன்னு செத்தாலும் சொல்லமாட்டாரு. ஆனா கேசரியக் கையில வெச்சுக்கிட்டும், எனக்கு முடிவான பொண்ணு வேறன்னு சொல்லிப்போட்டாரு. குடுத்தர்லாம் அக்கா."

கொடுத்தார்கள். இன்றும் கார் ஒரே கடையை இரண்டாம் முறை தாண்டினால், பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "இறங்கி வழி கேக்கறீங்களா, இல்ல கேசரி வர்ற வரைக்கும் சுத்தறதுங்களா?"