ஆல்பம் கேட்டீங்களா?

"ஆல்பம் கேட்டீங்களா மாமா?"

மாப்பிள்ளை ஒரு கால் செருப்பைக் கழற்றியபடி வாசலில் நின்று இப்படிக் கேட்டதும், கேக்குதா சாரின் வாயில் இருந்த காப்பி உள்ளே போவதா வெளியே வருவதா என்று தயங்கியது.

கேக்குதா சார் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை அறை அவருடைய பொறுப்பு. ஆட்களைச் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பி, "கேக்குதா? கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் கேக்குதா சார்தான். தன் காதுகளை அவர் கண்ணைப்போலக் காத்துவந்தார். வீட்டில் மிக்ஸி ஓடினால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

ஆல்பத்தை அவர் கேட்கவில்லை. அதுதான் உண்மை.

மகளின் கல்யாணத்தன்று ஒரு தாடிக்காரர் அவர் கையைப் பிடித்து ஒரு சி.டி.யைத் திணித்திருந்தார். "ஹெவி மெட்டல் சார். உங்க மாப்பிள்ளை பாடினது. நான் டிரம்ஸ். அவசியம் கேளுங்க." மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பானவர், அதிர்ந்து பேசாதவர் என்பதைத்தான் அதுவரை அவர் அறிந்திருந்தார். அட்டையில் லிஃப்ட் கதவைப் பிளந்துகொண்டு ஒரு எலும்புக்கூடு வெளியே வந்துகொண்டிருந்தது. குழுவின் பெயர் 'துருப்பிடித்த தாடை'. ஆல்பத்தின் பெயர் 'கீழ்த்தளத்துக்கும் கீழே'.

கேக்குதா சார் முன்யோசனைக்காரர். மகளிடம் விசாரித்தார்.

"அவர் தங்கமான மனுஷர்ப்பா. அந்த ஆல்பத்தை மட்டும் கேட்டுடாதீங்க" என்றாள் மகள்.

மேலும் விவரம் சொன்னாள். எந்தச் சத்தத்தையும் தாங்கக்கூடிய மெட்டல் ரசிகர்கள் சிலர் இணையத்தில் ஒன்றுகூடி, கேட்டுத்தொலைத்தோமே என்று தாங்கள் வருந்தும் ஆல்பங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். அங்கே மாப்பிள்ளையின் ஆல்பத்துக்கு நல்ல ஆதரவு இருந்ததாம். ஒருவர், 'இதைக் கேட்பதற்கு முன்னால் எனக்கு இசை பிடிக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தாராம்.

கேக்குதா சார் சி.டி.யைக் கைக்குட்டையில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் கம்பளிக்குக் கீழே வைத்துவிட்டார். மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது மாப்பிள்ளை கடைத்தெருவில் ஏதோ வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்து, ஒற்றைச் செருப்போடு நின்று கேட்கிறார். பெண்ணைக் கொடுத்த இடம். இல்லை என்று எப்படிச் சொல்வது?

"கேட்டேன் மாப்பிள்ளை! கேக்காம இருப்பேனா?" என்று அவர் ஒரே மூச்சில் ஆரம்பித்தார். "அபாரம்! என் சர்வீஸ்ல எத்தனையோ சத்தம் கேட்டிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு கேட்டதில்லை. அதுவும் அந்த மூணாவது பாட்டு இருக்கே..."

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா... நீங்க அதையா கேட்டீங்க?"

"அதையேதான்."

"முழுசாவா?"

"முழுசா."

மாப்பிள்ளையின் கண் கலங்கியது. "மூணாவது பாட்டே வேண்டாம்னு எங்க குரூப்லயே எல்லாரும் சண்டை போட்டாங்க மாமா. அதெல்லாம் விட்டு எவ்வளவோ நாளாச்சு."

"விடலாமா? திறமையை மூட்டை கட்டி வைக்கலாமா?" என்றார் கேக்குதா சார். பொய் சொல்பவர்களுக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரிவதில்லை.

மாப்பிள்ளை கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

"எதுக்கு வந்தார், எதுக்குப் போறார்?" என்று உள்ளிருந்து வந்த மனைவி கேட்டாள். "ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கலையே!"

"கலைஞர்கள் அப்படித்தான்" என்றார் கேக்குதா சார்.

அந்த வாரமே மகளிடமிருந்து ஃபோன் வந்தது.

"அப்பா, அவர்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க? தாடிக்காரர் டிரம்ஸைத் தூக்கிட்டு வந்து ஹால்ல இறக்கிட்டார். மறந்து நிம்மதியா இருந்த மனுஷர்ப்பா. நீங்க எதுக்கு அந்தப் பேச்சை எடுத்தீங்க?"

"நான் எங்கேம்மா எடுத்தேன்? அவரேதான் கேட்டார்!"

"கீழ் வீட்டுல சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு வேற மாசம் ஏறிக்கிட்டே போகுது. வயித்துல இருக்கறது சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டு உதைக்குது."

பிறக்கப்போவது கேக்குதா சாரின் முதல் பேரப்பிள்ளை. அதன் காது இன்னும் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. எப்படியாவது மாப்பிள்ளையின் உற்சாகத்தை நோகாமல் குறைக்க வேண்டும். அதற்குப் பதமாக ஒரு குறை சொல்லவேண்டும். குறை சொல்ல, கேட்டாக வேண்டும்.

மதிய இடைவேளையில், ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் அவர் தானே போய் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

முதல் பாட்டு தொடங்கியது. தொடங்கியது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. லிஃப்ட் இறங்கும் குழிக்குள்ளேயே பதிவு செய்திருந்தார்கள். இரும்பை இரும்பால் இழுத்தார்கள். தாடிக்காரர் எதையோ அடித்தார். அது டிரம்ஸ்தான் என்று நம்ப வேண்டியிருந்தது. அதற்கு நடுவே ஒரு குரல் எழுந்தது. 'மாமா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா' என்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிற அந்த மாப்பிள்ளையின் குரல், கதவிடுக்கில் விரல் மாட்டியவனின் குரலாகி, விடாமல் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது பாட்டில் அவர் 'திற, திற' என்று மட்டும் கெஞ்சினார். கடைசிவரை யாரும் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது, வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த பெரியவர் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்ன சார், உங்களுக்கே காது கேக்கலையா?"

"கேக்குதுங்க" என்றார் கேக்குதா சார். "அதான் கஷ்டம்."

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையை வரச்சொன்னார். அலங்காரமில்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, திரும்பவும் கேட்டேன். ஒரே ஒரு குறை. சத்தம் கொஞ்சம்..."

மாப்பிள்ளையின் முகம் வாடத் தொடங்கியது. கையில் கொடுத்த மிட்டாயைப் பிடுங்கப்போகிறோம் என்று தெரிந்த குழந்தையின் முகம். கேக்குதா சாரின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"...பத்தலை."

"பத்தலையா?"

"இன்னும் கொஞ்சம் இருந்தா தூக்கலா இருக்கும்."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "நானும் இதைத்தான் மாமா சொன்னேன்! யாரும் கேக்கலை!"

மறுநாள் மகள் ஃபோனில் பேசவில்லை, அழுதாள். ஆளுயர ஸ்பீக்கர் வந்து இறங்கியிருக்கிறது. லிஃப்ட் கம்பெனி வேலையை விடப்போகிறாராம். ராஜினாமாக் கடிதம்கூட எழுதியாகிவிட்டதாம். காதிலேயே ஊறின மனுஷர் எங்க மாமா, அவர் சொல்லிட்டார், இனி யார் சொல்லணும் என்கிறாராம்.

"பிள்ளை பொறக்கற நேரத்துல வேலையை விட்டுட்டு எலும்புக்கூடு படம் போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கறார்ப்பா. நீங்கதான் ஆரம்பிச்சீங்க. நீங்களே முடிச்சு வைங்க."

கேக்குதா சார் இருப்புக்கொள்ளாமல் நடந்தார். நல்லது என்றால் குழு கூடுகிறது. குறை என்றால் ஸ்பீக்கர் வருகிறது. இனி நல்லதும் சொல்லாமல் கெட்டதும் சொல்லாமல் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது.

அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

மனைவி வழியாகச் செய்தி அனுப்பினார். திடீரென்று அடைத்துக்கொண்டது, இனி எந்த ஆல்பத்தையும் கேட்டுக் கருத்துச் சொல்ல முடியாத நிலை என்று.

"முன்னாடி மட்டும் நான் சொன்னதெல்லாம் கேட்டுக் கிழிச்சீங்களாக்கும்" என்றாள் மனைவி. "கல்யாணப் படத்தை மாட்டணும்னு அந்தச் சுவர்ல ஆணியை அடிச்சு வெச்சுட்டு எத்தனை நாளாச் சொல்றேன்?"

"என்ன?" என்று காதில் கையை வைத்துக் கேட்டார் கேக்குதா சார். புது வியாதியில் இப்படி ஒரு சௌகரியமும் இருந்தது.

செய்தி கேட்டு மாப்பிள்ளை ஓடோடி வந்தார். தனியாக வரவில்லை. தாடிக்காரரும் ஆளுயர ஸ்பீக்கரும் பின்னாலேயே மாடியேறி வந்தார்கள்.

மாப்பிள்ளை அவர் முகத்துக்கு நேரே, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மாமா! கவலைப்படாதீங்க! காது போனாலும்! எலும்பு வழியா! கேக்கலாம்! நீங்கதானே! சொல்லிக் குடுத்தீங்க!"

சொல்லிக்கொடுத்தது உண்மை. பெண் பார்க்க வந்த அன்று, பேச விஷயம் இல்லாமல், எலும்பின் அதிர்வு வழியாகவும் ஒலி உள்ளே போகும் என்று அவர்தான் விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

ஸ்பீக்கரைப் படுக்கவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். கேக்குதா சாரைத் தூக்கிக் கட்டிலின் மேல் கிடத்தினார்கள். புதிதாக, தூக்கலாகப் பதிவு செய்த மூன்றாவது பாட்டைத் தாடிக்காரர் தட்டிவிட்டார்.

கட்டில் நகரத் தொடங்கியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கேக்குதா சாரின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தங்களுக்குள் தாளம் போட்டன. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கட்டில் ஜன்னலை நெருங்கியபோது அவர் இரண்டு கைகளையும் தூக்கி அலறிவிட்டார்.

"நிறுத்துங்க! கேக்குது! கேக்குது!"

பாட்டு நின்றது.

"மாமா... நான் பேசறது கேக்குதா?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"கேக்குது மாப்பிள்ளை" என்றார் அவர், நடுங்கிக்கொண்டே.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தாடிக்காரரும் அழுதார். "போன காதைத் திருப்பிக் குடுத்திருக்கு மாமா என் பாட்டு. இதுக்கு மேலயும் நான் லிஃப்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தா பாவம். நாளைக்குக் காலையில கடிதத்தைக் குடுத்துடறேன்."

அதற்குமேல் கேக்குதா சாரிடம் யோசனை எதுவும் மிச்சமில்லை. உண்மை ஒன்றுதான் பாக்கி இருந்தது.

காலையில் மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சட்டைப்பையில் கடிதத்தோடு ஹாலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மகள், கண் வீங்கி, இடுப்பில் கையை ஊன்றி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

"மாப்பிள்ளை, உட்காருங்க. எனக்குக் காது போகவே இல்லை. பொய். சத்தம் பத்தலைன்னது அதைவிடப் பொய். அன்னிக்கு நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்களே, அப்போ நான் அந்த ஆல்பத்தைத் தொட்டுக்கூடப் பாக்கலை. கேட்டேன்னு சொன்னதுதான் முதல் பொய். அப்புறம்தான் கேட்டேன். கேட்டதுல இருந்து வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளை கட்டிய ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். தன் வாழ்க்கையில் இத்தனை கேவலமாக உணர்ந்ததில்லை கேக்குதா சார்.

"எல்லாரும் முகத்துக்கு நேரா சொன்னாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "எனக்காகப் பொய் சொல்லணும்னு உங்க ஒருத்தருக்குத்தான் தோணியிருக்கு."

அவர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். கேக்குதா சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

"கோவம் இல்லையே?"

"கோவம் இல்லை மாமா. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் புரியலை. அன்னிக்கு நான் வந்து கேட்டதுக்கு நீங்க ஏன் திடீர்னு..."

அழைப்பு மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள். கடைத்தெரு ஸ்டூடியோவிலிருந்து கல்யாண ஃபோட்டோக்காரர், நெஞ்சோடு அணைத்த பெரிய பார்சலோடு, கேக்குதா சாரை அவர் வீட்டில் தேடிவிட்டு இங்கே வந்து மூச்சு வாங்க நின்றிருந்தார். கேக்குதா சாரைப் பார்த்ததும் அவருக்கு மனத்தாங்கல் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்க, கல்யாண ஆல்பம் ரெடியா கடையிலேயே கிடக்குது, 'மாமாகிட்ட ஆல்பம் கேட்டீங்களான்னு விசாரிக்கறேன்'னு உங்க மாப்பிள்ளையும் அன்னிக்கு நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தார், ஆனா கடைசிவரைக்கும் நீங்க கேக்கவே இல்லையே சார்!"