பழசை அழித்த அமாவாசை

புதுசு போட்டது தப்பு என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மொத்தக் குடும்பமும் திண்டிவனம் ரோட்டில் நின்று கத்தினாலும் சரி.

சென்னை வேலையை விட்டுவிட்டு, செஞ்சியிலிருந்தே சாஃப்ட்வேர் தொழில் செய்யப்போகிறேன் என்று நான் அறிவித்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் நைனாதான் இறங்கி வந்தார். லோடு வண்டிகளை எடை போடும் எங்கள் எடை மேடையில் ஓடும் அரதப்பழசான புரோகிராமைப் புதுசாக்கிக் காட்டினால் மாடி அறை எனக்கு. சொதப்பினால் மறுபடி சென்னை பஸ்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம்கள். ஒன்று மேடையிலிருந்து எடையைப் படிக்கும், இன்னொன்று எடைச் சீட்டு அடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஃபைல், இரண்டு மருமகள்களுக்கும் ஒரே கிரைண்டர் மாதிரி. சீட்டுப் புரோகிராமை நான் புது ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றினேன். அதற்கு அந்த ஃபைலின் புது வெர்ஷன் வேண்டும். எடைப் புரோகிராமுக்கோ பழைய வெர்ஷன்தான் வேண்டும். (இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.)

நல்ல காரியத்தை அமாவாசையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார் நைனா. மானிட்டருக்குக் குங்குமம், கீபோர்டு மேல் சாமந்தி. அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. புதுத் துடைப்பம் உள்ளே வந்தால் பழைய துடைப்பம் அந்த நிமிஷமே வெளியே போயாக வேண்டும். "பழசு உள்ள கெடந்தா புதுசு வெளங்காது" என்றாள். எம்.சி.ஏ. படித்த நான் என்ன செய்தேன்? கற்பூரம் அணைவதற்குள் பழைய ஃபைலை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். (பக்தி!)

முதல் வண்டி சிங்கவரத்து மாமாவின் டிராக்டர், நிறைய மல்லாட்டை மூட்டை. (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்.) சீட்டு ஜம்மென்று வந்தது. பெயர், வண்டி நம்பர் எல்லாம் பெரிய எழுத்தில். எடை மட்டும் 0.

மாமா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இம்மாம் மூட்டயும் காத்தா?"

எடைப் புரோகிராம் திறக்கவே இல்லை. வெளியே அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடிக்க, காத்திருந்த டிராக்டர்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, எதிர்ப்பக்கம் இருந்த இன்னொருவரின் எடை மேடைக்குப் போயின. நைனா குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பு என்றார்.

"மாத்த மாட்டேன் நைனா. அந்தப் பழைய ஃபைல் மட்டும் கெடச்சா ரெண்டையும் ஓட்டிக் காட்டறேன்."

அது எங்கே கிடைக்கும்? ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. உன் சட்டத்தால்தான் இத்தனையும் என்று அம்மாவின் மேல் பாய்ந்தேன். அவள் பரணைக் காட்டினாள். முன்பு இதே புரோகிராம்கள் ஓடி, நாங்கள் எப்போதோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர், அவளுடைய பழைய புடவையில் சுற்றி, பத்திரமாக!

"அது காசு போட்டு வாங்குனது" என்றாள். துடைப்பச் சட்டம் துடைப்பத்துக்கு மட்டுமாம்.

நல்ல வேளை, அது உயிரோடு இருந்தது. பழைய ஃபைலை அதிலிருந்து எடுத்து எடைப் புரோகிராமின் ஃபோல்டரில் வைத்தேன். புது ஃபைல் சீட்டுப் புரோகிராமின் ஃபோல்டரில். மருமகள்களுக்குத் தனித்தனி கிரைண்டர். மாமாவுக்குச் சரியான சீட்டு வந்தது. அவர் அந்த 0 போட்ட சீட்டைத் திருப்பித் தரவில்லை. இன்றும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்யாண வீடுகளில் காட்டுகிறார். பஜார் முழுக்க என் பெயர் சைபர்.

இருக்கட்டுமே. அடுத்த அறுவடைக்கு முன்னால் எதிர் மேடைக்காரர் நைனாவுக்கு போன் செய்தார். அவரிடமும் அதே பழைய புரோகிராம்தானாம், மாற்ற வேண்டுமாம். அந்த சைபர் போட்ட பொண்ணு ஊரில் இருக்கிறதா என்று கேட்டார்.

நைனா மாடி அறையை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்குது. எங்கயும் போவல."