மெத்தை கட்டிய கதவு

பின்னால் போகவே மாட்டேன் என்று வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் பழைய பிக்அப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரே அவரை 'மெத்தை' என்றது. வேனின் பின்கதவில் எந்நேரமும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்.

காரணம் உண்டு. ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு, ஏலத்தில் அந்த வேனை எடுத்தார். வாங்கியபோது அதற்குப் பின்கதவே இல்லை. பட்டறையிலேயே உட்கார்ந்து கெட்டித் தகட்டில் கதவு செய்து, பெயிண்டரை வைத்துத் தன் பெயரை எழுதினார். மறுநாளே ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி கதவை லேசாக உரசிவிட்டது. அன்றைக்கு ஏறிய மெத்தை அப்புறம் இறங்கவில்லை. பெயர் பத்திரமாக இருந்தது. யாராலும் படிக்கத்தான் முடியவில்லை.

ரிவர்ஸ் எடுத்தால் சுவர் இடிக்கும், கம்பம் இடிக்கும், மாடு முட்டும் என்று ரிவர்ஸையே தலைமுழுகிவிட்டார். நான் செங்கம் ரோட்டில் வாடகை அறைக்குக் குடிபோன அன்று, பேச்சு சுவாரஸ்யத்தில் மூன்று கட்டடம் தாண்டிவிட்டோம்.

"கொஞ்சம் பின்னாடி எடுங்க" என்றேன்.

"அந்தப் பேச்சே வாணாம் சார். சுத்திக்கினு வந்துடலாம்."

சுற்றி என்றால், மலையை! கட்டில், பீரோ, தண்ணீர்க் குடத்தோடு கிரிவலம் வந்த பக்தன் நான் ஒருவன்தான்.

அப்புறம் அவர் வண்டியில் தொற்றிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்றாவது வருஷம் ஒரு வெள்ளைக்காரர், தன் நாட்டிலிருந்து ரோடு வழியாகவே காரின் பின்னால் ஒரு சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு ஆசிரமப் பக்கம் வந்து சேர்ந்தார். கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் அதில் இருந்தன. வந்த மாதமே கார் மண்டையைப் போட்டது. வீட்டை அடி அண்ணாமலையில் ஒரு தென்னந்தோப்புக்கு இழுத்துப்போக வேண்டும். மெத்தை ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் வீட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு மூக்கையும், அதைத் தாங்கி நிறுத்துவதற்காக அதன்மேல் செங்குத்தாக நின்ற ஜாக்கியையும் பார்த்தார். கொக்கியை மாட்டியதும் ஜாக்கிக்கும் கதவுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நேராகப் போனால் வம்பில்லை. பின்னால் எடுத்தால் மூக்கு திரும்பி, ஜாக்கி நேராகப் பெயரிலேயே குத்தும்.

இரண்டாவது மெத்தை ஏறியது. அதற்கும் மேலே அவர் தலைக்கு வைத்துக்கொள்ளும் தலையணை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பிய குறுகிய கிரிவலப் பாதையில், எதிரே ஒரு கார் வந்து மூக்கோடு மூக்கு நின்றது. இறங்கியவர் அதே ரைஸ்மில் முதலாளி.

"டேய் மெத்தை! வண்டிய பின்னாடி எடுடா!"

"எடுக்க மாட்டேங்க."

"இன்னாடா சொன்ன?"

"மொதலாளி, நான் சாமி சுத்துற பக்கமா வரேன். நீங்க எதிரா வரீங்க. நான் பின்னாடி போனா பாவம். நீங்க பின்னாடி போனா கிரிவலம். புண்ணியம் உங்களுக்குத்தான்."

முதலாளியின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. அரைமணி நேரம் கத்தினார். வெள்ளைக்காரர் தன் வீட்டில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். கத்திக்கொண்டே முதலாளியும் குடித்தார்.

"ஒரு தகரக் கதவுக்காக நான் ரோட்டுல நிக்கணுமாடா?"

மெத்தையின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "தகரம் இல்லீங்க. இருபது வருஷம் உங்க லாரில குந்திக்கினு இருந்தேன். ஒரு நாளாச்சும் பேர் சொல்லிக் கூப்ட்டீங்களா? அந்தப் பேரு அதுல இருக்குது. அதுல ஒரு கீறல் உழ உட மாட்டேன். போலீஸை வேணா கூப்டுங்க."

"அப்படி இன்னாடா பெரிய பேரு?"

மெத்தை இறங்கினார். கயிற்றை அவிழ்த்தார். தலையணை இறங்கியது, ஒரு மெத்தை இறங்கியது, இன்னொன்றும் இறங்கியது.

"வந்து படிங்க. சத்தமா."

ஜாக்கிக்கும் கதவுக்கும் நடுவே முதலாளியின் தொப்பை நுழையவில்லை. தலையை மட்டும் நீட்டி, எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார்.

"திரு. மு. ஏழுமலை. உரிமையாளர்."

'திரு'வையும் சேர்த்தே படித்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு 'டேய்' வரவில்லை.

"ஏழுமலையா உன் பேரு?"

"இருபது வருஷமும் அதாங்க."

முதலாளி காரில் ஏறி, பின்னால் எடுக்கச் சொன்னார். அவருடைய புது டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடி அண்ணாமலை வரை ரிவர்ஸிலேயே போனான். மெத்தைகளை மறுபடி கட்டிக்கொண்டு நாங்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தோம். முதலாளிக்குப் பாதிக் கிரிவலமாவது கிடைத்திருக்கும்.

எனக்குத்தான் அன்று சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் அந்த வண்டியில் ஓசியில் போய்வந்தவன், நானும் ஒருநாள்கூட அவர் பெயரைக் கேட்டதில்லை. முதலாளியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இந்தப் பக்கத்தின் மேல் மெத்தை எதுவும் கட்டவில்லை. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்: திரு. மு. ஏழுமலை. எனக்கு ரொம்பப் பிரியமானவர்.