கொக்குக் காசு

தினமும் மாலை தானும் கடைக்கு வருவதாகத் தராசு ரிப்பேர்காரர் அறிவித்தபோது, மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் காய்கறிப் பையைத் தொட்டதில்லை.

"உடம்புக்கு என்னங்க?"

"நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

சொன்னவர் பல் டாக்டர். அதுவும் நடையைப் பற்றி அல்ல, நாணயத்தைப் பற்றி. நாணயம் சேர்க்கும் நால்வர், இவரையும் சேர்த்து, ஞாயிறுதோறும் தையல் கடையில் கூடுவார்கள். கூடினால் புதுக் காசுகளுக்கு அர்ச்சனைதான்.

"மொத்தப் பல்லையும் பிடுங்கின வாய் மாதிரி மொழுக்குன்னு இருக்கு," என்பார் பல் டாக்டர்.

"பொத்தான்னு சொல்லலாம்னா, பொத்தானுக்கு நாலு ஓட்டையாவது இருக்கும்," என்பார் தையல்காரர்.

ஒரே ஒரு காசுக்கு மட்டும் எல்லோர் குரலும் தணியும். ஒற்றைக் காலில் கொக்கு, கீழே மூன்று கோடு தண்ணீர். ஒரே வருடம்தான் அடித்தார்கள்.

"புழக்கத்துலதான் இருக்கும் அண்ணே. வர்ற சில்லறையைப் பார்த்துக்கிட்டே இருங்க," என்றார் பல் டாக்டர்.

மற்ற மூவரிடமும் அது இருந்தது. விலை கொடுத்து வாங்கத் தராசுக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. புழங்குகிற காசு தானாகக் கைக்கு வரவேண்டும். ஆகவேதான் கடை.

கடைக்காரர் மீதி நீட்டும்போதெல்லாம் அவர் நெஞ்சு ஒரு முறை எழும்பி உட்காரும். பார்ப்பார். பொத்தான். வழியெல்லாம் மனைவி பேசிக்கொண்டே வருவாள். அவர் "ம்" கொட்டுவார். சில நாட்களில் நிஜமாகவே கேட்டார். பையும் எப்படியோ அவர் கைக்கு வந்துவிட்டது. எட்டு மாதம் போயிற்று. கொக்கு வரவில்லை.

ஒரு நாள் சர்க்கரை டப்பாவின் மூடி இறுகிக்கொண்டது. மனைவி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து நெம்பினாள். மூடி திறந்தது. அவர் வாயும் திறந்தது. ஒற்றைக் கால். மூன்று கோடு.

"இது... எப்போ வந்துச்சு?"

"நீங்க கூட வர ஆரம்பிச்ச முதல் வாரமே. காலையில வாசலுக்கு வர்ற பழக்காரம்மா கொடுத்தாங்க."

"நான் இதைத்தான் தேடறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தூக்கத்துல கொக்கு கொக்குன்னு புலம்பினா தெரியாம?"

"அப்பவே கொடுத்திருக்கலாமே."

"கொடுத்திருந்தா மறுநாள் வந்திருப்பீங்களா? முப்பது வருஷம் தனியாத்தானே போய் வந்தேன்," என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையை அளந்தாள்.

அவர் காசைச் சின்னத் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. விளிம்பில்தான் மூடி நெம்பிய பள்ளங்கள். விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மாலை காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வாசலில் நின்றாள்.

"ஏங்க, கொக்கு அந்தப் பக்கம் திரும்பி நிக்கற காசும் ஒண்ணு இருக்காமே. பழக்காரம்மா சொன்னாங்க."

அப்படி ஒரு காசு அடிக்கப்படவே இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு பைக்குக் கை நீட்டினார்.

"அது வேண்டாம்," என்றாள். "இன்னைக்குப் பெரிய பை."