ஒரு வெட்டுக்கு ஒரு வார்த்தை

"போன வாரம்தானே வெட்டினேன்?" என்று சலூன் மாஸ்டர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வார்த்தை வேலைக்கு ஆகல மாஸ்டர். இன்னொன்னு வேணும்," என்றான் குதிரை.

மாஸ்டர் துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினார். அவருக்கு ஒரு வினோதமான பழக்கம். கத்தரி ஓடினால்தான் நாக்கு ஓடும். சும்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னால் தன் பெயரே அவருக்கு மறந்துபோகும். ஆகவே பாடம் வேண்டுமென்றால் தலையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

குதிரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் லாண்டரியில் அவன் இஸ்திரி போடுகிறான். அங்கே பல தேசத்து ஆட்கள் வேலை பார்த்தார்கள். ஒருவர் பெயர் இன்னொருவர் வாயில் நுழையவில்லை. சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்தார். சீருடை மாற்றிக்கொள்ள ஆளுக்கொரு லாக்கர் உண்டல்லவா, அதன் கதவில் என்ன படம் ஒட்டியிருக்கிறதோ அதுவே அந்த ஆளின் பெயர். இவன் சேர்ந்த அன்று கிடைத்த லாக்கரில் ஒரு குதிரை நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தது. இவன் நடப்பதோ ஆமை மாதிரி. ஆனாலும் அன்றிலிருந்து குதிரைதான்.

அடுத்த மேசையில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் பெண்ணின் லாக்கரில் தாய்லாந்துக் கொடி ஒட்டியிருந்தது. ஆகவே அவள் தாய்லாந்து.

அந்தப் பெண்தான் நம் குதிரையின் நெஞ்சில் புகுந்துவிட்டாள். முப்பத்தெட்டு வயதுவரை யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன். அவள் விரிப்பைத் தைக்கும்போது முடிச்சை எப்போதும் மறுபக்கம் தள்ளிப் போடுவாள், இவன் இஸ்திரிப்பெட்டி அதில் தட்டக்கூடாது என்று. தைத்து முடித்ததும் உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டுத்தான் இவன் பக்கம் வைப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. தன் வேலை சுலபமாகட்டும் என்று இன்னொரு மனுஷி நினைக்கிறாள் என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது. அது புரிந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு போனான்.

பேசலாம் என்றால் பாஷை இல்லை. லாண்டரியின் பொதுமொழியில் மொத்தமே கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சொற்கள்: ஈரம், காய்ந்தது, கிழிந்தது, அவசரம், மேலே, கீழே. இவற்றை வைத்துத் துணி துவைக்கலாம், மனசைச் சொல்ல முடியாது. ஒருநாள் துணிந்து தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி "ஈரம்" என்றான். அவள் ஓடிப்போய் ஒரு டவல் எடுத்துவந்து கொடுத்தாள்.

அதோடு, அடுத்த மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. கையெழுத்துப் போட்டால் இன்னும் இருக்கலாம். போடாவிட்டால் ஊருக்குப் போய்விடுவாள். அவள் இன்னும் போடவில்லை. அவள் மனசில் இருப்பதை யார் கண்டார்கள்? தன் மனசில் இருப்பதையாவது அவள் போவதற்குள் அவளுடைய பாஷையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று குதிரை முடிவு கட்டினான்.

சலூன் மாஸ்டர் அந்தக் காலத்தில் உல்லாசக் கப்பலில் முடி வெட்டியவர். கப்பலிலேயே ஒரு தாய்லாந்துப் பெண்ணைப் பார்த்து, மயங்கி, கட்டிக்கொண்டவர். சலூனில் திரைக்கு இந்தப் பக்கம் ஆண்களுக்கு அவர், அந்தப் பக்கம் பெண்களுக்கு அவர் மனைவி.

"அவளைக் கட்டிக்க நான் கத்துக்கிட்டது மொத்தம் எட்டு வார்த்தை தம்பி. அதுலயும் ரெண்டு தப்பு. அதுக்கே கட்டிக்கிட்டா," என்பார்.

பெண் யார் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் பேசியது இன்னொரு நாற்காலிக்குப் போகக்கூடாது என்பது அந்தச் சலூனின் சட்டம். திரைக்கு அந்தப் பக்கமும் அதே சட்டம்தான். புருஷன் பெண்டாட்டிகூட வாடிக்கைக்காரர் கதையைப் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

முதல் வெட்டுக்குக் கிடைத்த வார்த்தை "கிட் துங்". உங்க நினைப்பாவே இருக்கேன் என்று அர்த்தமாம். மறுநாள் டிரையர் இரைச்சலுக்கு நடுவே அவள் பக்கம் குனிந்து அதைச் சொன்னான். அவள் கையிலிருந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சந்தேகமாக, "காய்ந்தது?" என்று கேட்டாள்.

"ராகம் தப்பு," என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "அந்தப் பாஷையில ராகம் மாறினா அர்த்தமே மாறிடும். கடைசில கீழ இறக்கி மேல ஏத்தணும். சரி, தலையை ஏத்தாதீங்க, காது போயிடும்."

இரண்டாவது வெட்டுக்கு "நா ரக்" வந்தது. பார்த்தாலே பிரியம் வருது என்று பொருள். குதிரை அதை இஸ்திரி மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகினான். ராகத்தில் லயித்துப்போய், ஒரு விருந்தாளியின் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப்பெட்டியின் முழு உருவத்தையும் பதித்துவிட்டான். அவள் எழுந்து வந்தாள். தீய்ந்த இடத்தை வெட்டி, உள்மடிப்பிலிருந்து துணி எடுத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். தைத்த இடம் எங்கே என்று சூப்பர்வைசருக்கே தெரியவில்லை. நன்றி சொல்லத் தெரியாமல் குதிரை "நா ரக்" என்றான். இந்தத் தடவை அவள் முகம் சிவந்ததை அவன் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவளே பேசினாள். கொஞ்சம் நீளமாக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, கடைசியில் கேள்வி மாதிரி நிறுத்தினாள். குதிரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை ஆகாது. கைவசம் இருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து, "கிட் துங்" என்றான். அவள் பெட்ஷீட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கின் காவ்னு ஆரம்பிச்சாங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். "சாப்பிட்டாச்சான்னு கேட்டிருக்காங்க. நீங்க உங்க நினைப்பாவே இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க. பரவாயில்ல, ஒன்னும் கெட்டுப்போகல."

குதிரைக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டானா என்று அக்காவைத் தவிர அவனை யாரும் கேட்டதில்லை. அடுத்த வாரம் இன்னொரு வெட்டு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று என்று போனான். லாண்டரியில் அவளும் மாறிக்கொண்டிருந்தாள். சேர்ந்தபோது இடுப்புவரை இருந்த பின்னல் தோளுக்கு ஏறியது, தோளிலிருந்து காதுக்கு ஏறியது. லாண்டரி ஆவியில் வேர்க்கும், பாவம், என்று இவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டில் அக்கா வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். தம்பியின் தலை வாரத்துக்கு வாரம் தேய்ந்து, இப்போது ஏறக்குறைய மொட்டை. விடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு புரியாத பாஷையில் ஏதோ முணுமுணுக்கிறான். எதிரே தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

"சாமியாராப் போகப்போறியாடா?" என்று ஒரு காலையில் கேட்டேவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா பல வருஷமாக அவனுக்குப் பெண் பார்த்து, பார்த்த பெண்களுக்கெல்லாம் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போகிறது. யாரோ முன்பின் தெரியாத தேசத்துப் பெண் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மென்று விழுங்கி, "மன அமைதிக்கு ஒரு பயிற்சிக்கா," என்றான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அக்கா பிடித்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"போறவனைத் தடுக்காதே," என்று மாமா பேப்பரை விலக்காமல் சொன்னார். அவருக்குக் குதிரை படுக்கும் அறைமேல் வெகுநாளாக ஒரு கண்.

அக்கா அன்றைக்கே லாண்டரிக்குப் போய்விட்டாள். குதிரை மேல்தளத்தில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த நேரம். கண்ணீரும் கைச்சாடையுமாக அவள் சூப்பர்வைசருக்கு விளக்கினாள். அவர் அதையே கைகூப்பி, தலையைத் தடவி, தூரத்தில் ஒரு மலை இருப்பதுபோல் காட்டி, மொத்த லாண்டரிக்கும் விளக்கினார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்த குதிரைக்கு எல்லாம் விசித்திரமாக இருந்தது. வழக்கமாக முதுகில் தட்டுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டிரையர் ஓட்டுகிறவர் தன் முட்டியைக் காட்டி, அதன்மேல் ஒரு தடவை கை வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். தையல்காரப் பெண் எழுந்து நின்றாள். இப்போது அவள் முடி ஆண்பிள்ளை கிராப்பைவிடக் குட்டை. இரண்டு கைகளையும் கூப்பித் தலை வணங்கினாள். அவர்கள் ஊரில் அன்பைக் காட்டும் விதம் போலிருக்கிறது என்று குதிரை பூரித்துப்போனான். அவனும் கைகூப்பி, முகம் நிறையச் சிரித்து, மெதுவாகத் தலையை அசைத்தான். பார்த்தவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "யா பாய்," என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வெளியே போய்விட்டாள். இன்று கையெழுத்துப் போடக் கடைசி நாள் என்று அப்போதுதான் சூப்பர்வைசர் ஞாபகப்படுத்தினார்.

குதிரை முதல்முறையாக ஓடினான். சலூனுக்குள் நுழைந்தபோது மூச்சு இரைத்தது.

"யா பாய்னா என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவன் தலையைப் பார்த்தார். அங்கே கத்தரி வைக்க இடமே இல்லை. "என்ன செய்யறது தம்பி," என்று பரிதாபமாகக் கையை விரித்தார்.

குதிரை நாற்காலியில் உட்கார்ந்து மீசையைக் காட்டினான். பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை. அவனிடம் இருந்த ஒரே மிடுக்கு அதுதான். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

ஒரு பக்கம் போனதும் மாஸ்டருக்கு நாக்கு வந்தது. "போகாதீங்கன்னு அர்த்தம்."

"நான் எங்க போறேன்? போறது அவங்கதானே?"

மாஸ்டருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். நேற்று லாண்டரிக்குப் போய் எல்லாரிடமும் சொல்லி அழுததையும், அவர்களாவது தடுக்கமாட்டார்களா என்ற ஆசையில்தான் போனதையும் விசும்பியபடி சொன்னாள். குதிரை போனைக் காதிலிருந்து எடுத்தான். அரை மீசையோடு கண்ணாடியில் தெரிந்தவனைப் பார்த்தான். அவனுக்கே அழுகை வந்தது.

"மாஸ்டர், நான் சாமியாராப் போகல, உங்களைத்தான் நெனச்சிட்டிருக்கேன், நீங்க ஊருக்குப் போகாதீங்கன்னு சொல்லணும். சீக்கிரம் சொல்லிக்கொடுங்க."

மாஸ்டர் மிச்ச மீசையை எடுத்துக்கொண்டே ஒரு நீளமான வாக்கியத்தைச் சொன்னார். ஏறி இறங்கி வளைந்து அது போய்க்கொண்டே இருந்தது. குதிரை மூன்று முறை முயன்று, மூன்று முறையும் நடுவழியில் விழுந்தான். எட்டு வார்த்தைக்காரரான மாஸ்டருக்கே இரண்டாம் முறை அது சரியாக வரவில்லை.

குதிரை வெட்கத்தை விட்டான். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படியாகவே சொன்னான். அவள் ஓட்டல் லாண்டரியில் தைக்கிறவள், முடிச்சை மறுபக்கம் போடுகிறவள், அவள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் தன்னால் ஒரு துணிகூட மடிக்க முடியாது.

"உங்க வீட்டம்மாவை என்கூட அனுப்புங்க மாஸ்டர். அவங்க ஊர்ப் பொண்ணுதான். ரெண்டு வார்த்தை அவங்க பாஷையில எடுத்துச் சொன்னா போதும், இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன்."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். தொழில் தொடங்கியதிலிருந்து ஒரு நாற்காலியின் கதையை இன்னொரு நாற்காலிக்குக் கொண்டுபோனதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திரையைப் பார்த்தார்.

திரை தானாக விலகியது. மாஸ்டரின் மனைவி கையில் சீப்போடு நின்றிருந்தாள். குதிரையின் மொட்டைத் தலையையும், மழித்த மேலுதட்டையும், ஓட்டல் சீருடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவங்க எங்க ஊர் இல்லீங்களே," என்றாள். "கூட வேலை செய்யற தாய்லாந்துக்காரர் ஒருத்தர்கிட்ட அவர் பாஷையிலயே பேசணும்னு வாராவாரம் எங்கிட்ட முடியைக் கொடுத்துக் கத்துக்கிட்டு, அவர் சாமியாராப் போறாராம், போகாதீங்கன்னு சொல்லியும் கேட்கலன்னு இப்ப உள்ள உட்கார்ந்து அழுதுட்டிருக்காங்க."