போர்வைக்குள் ஹூபர்ட்

"போர்வையை விலக்குங்க!"

அந்தக் கூடத்தில் வாய் தவறியும் இதைச் சொல்லிவிடக் கூடாது என்று என் அக்கா ஸ்வென்யா என்னிடம் மூன்று முறை சத்தியம் வாங்கியிருந்தாள். டிராமில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, காலணியைக் கழற்றி அடுக்கில் வைக்கும்போது ஒரு முறை. மூன்று முறையும் சரி என்று தலையாட்டினேன். பொய்தான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் சொல்லப்பட்ட பொய்களில் ஆகச் சின்னது அதுதான் என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

லைப்சிக்கின் மேற்குப் பகுதி. பழைய விளக்குத் தொழிற்சாலையின் இரண்டாவது மாடி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கே குழந்தை வண்டிகள் படிக்கட்டு வரை நின்றன. ஒவ்வொரு வண்டியும் என் அப்பாவின் பழைய காரைவிட நல்ல நிலையில் இருந்தது. உள்ளே படுத்திருந்தவை, பிறந்த நாளிலிருந்து தாய்ப்பால் தவிர விலங்கு வழி வந்த எதுவும் நாவில் படாத குழந்தைகள். பால் இல்லை, முட்டை இல்லை, தேன்கூட இல்லை.

அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நானே ஆறு வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறேன். என் அம்மா இன்னும் அதற்குத் துக்கம் கொண்டாடுகிறாள். ஆனால் நான் தினம் ஒரு பி-12 மாத்திரை போட்டுக்கொள்கிறேன். செடியில் அந்தச் சத்து இல்லை. வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுத்துச் சோதித்தும் பார்க்கிறேன். பிள்ளையை அப்படி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவரிடம் காட்டுகிறார்கள், சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், பிள்ளை ஓடி விளையாடுகிறது. இந்தக் கூடத்துக்கு வந்தவர்களுக்கு மருத்துவர் வேண்டாம், மருந்து வேண்டாம். அவர்களுக்கு ராய்முண்ட் இருந்தான்.

ராய்முண்ட் டாவ்பர் முன்பு சமையலறை அலமாரி விற்றவன். இப்போது ஒளி விற்கிறான். ஒரு பட்டு நூல், அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு; அதற்கு ஊசல் என்று பெயர். குழந்தையின் வயிற்றுக்கு மேலே பிடிப்பான். குண்டு வலப்பக்கமாகச் சுற்றினால் பி-12 நிறைவு. இடப்பக்கமாகச் சுற்றினால் குறைவு. குறைவுக்கு மருந்து, பழுப்புப் புட்டியில் ஒளிச்சொட்டு. நிறைவு நிலைக்கவும் அதே ஒளிச்சொட்டுதான். கடையில் விற்கும் பி-12 சொட்டு இருக்கிறதே, அது அவன் கணக்கில் 'புட்டியில் அடைத்த பயம்'. அதைக் கொடுத்தால் பிள்ளையின் உடம்பு தானே சத்தை உண்டாக்கும் திறனை மறந்துவிடுமாம்.

இதைக் கேட்டுத் தலையாட்டிய கூட்டம் படிக்காத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்ஸ் பால் பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பதினோராவது பொருள் வரை படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவார்கள். குப்பையை நான்கு தொட்டிகளில் பிரிப்பார்கள். தேநீர்ப் பையின் நூலுக்குத் தனித் தொட்டி உண்டா என்று விவாதிப்பார்கள். சைக்கிளில் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் பட்டறைக்குக் கொண்டு போவார்கள். பெற்ற பிள்ளையைப் பரிசோதிக்க மட்டும் பித்தளைக் குண்டு போதும்.

கூடத்துக்குச் சில விதிகள் இருந்தன. எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் அழைக்க வேண்டும், ராய்முண்டையும். கைதட்டக் கூடாது, பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். கைகளைத் தூக்கி விரல்களை அசைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி: தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்கக் கூடாது. விலக்கச் சொல்லிக் கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்பது சந்தேகம். சந்தேகம் ஒளியைச் சிதறடிக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையின் உடல்நலம் சொல்லும் தொழிலுக்கு இதைவிட வசதியான விதி உண்டா?

என் அக்கா இங்கே வந்து விழுந்த கதை எனக்குத் தெரியும். அவள் மகள் ரூனா பிறந்த இரண்டாம் மாதமே அப்பன் கழன்றுகொண்டான். ஸ்வென்யா தனியாக இருந்தாள். இந்தக் கூட்டம் அவளுக்கு வாரம் நான்கு நாள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தது, துணி துவைத்துக் கொடுத்தது. கொத்திய பன்றிக்கறியைக் குடலில் அடைத்துத் தொத்திறைச்சி செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் நின்று உழைத்த எங்கள் அப்பாவின் மகளுக்கு, மெத்தப் படித்தவர்கள் நடுவே முதல்முறையாக ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு என்ன விலை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. விலை ரூனா.

ரூனாவுக்குப் பதினோரு மாதம். பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனையைப் பதியும் அவளுடைய மஞ்சள் நோட்டில் மருத்துவரின் முத்திரை நாலாம் மாதத்தோடு நின்றுபோனது. அதற்கு மேல் ராய்முண்ட் கொடுத்த பச்சை நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் சூரியன் படம் போட்ட முத்திரை.

"ஸ்வென்யா, ஆறாம் மாசத்துல புரண்டா. கரண்டியைப் பார்த்தா சிரிச்சா. இப்ப தலையே நிக்க மாட்டேங்குதுடி."

"ஒவ்வொரு புள்ளையும் அதது நேரத்துல வளரும்."

"வளர்றதைச் சொல்லல. தெரிஞ்சதெல்லாம் மறந்துட்டு வர்றாளே, அதைச் சொல்றேன்."

"அவ ஆழ்ந்த ஆத்மா. ராய்முண்ட் சொன்னான். உனக்கு ரெண்டு பட்டம் வாங்கினதும் தலைக்கு ஏறிப்போச்சு."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான். பகல் முழுக்க ஆய்வகத்தில் ஊரார் இரத்த மாதிரிகளைக் கருவியில் வைத்து எடுக்கிறேன். என் அக்கா மகளின் இரத்தத்தில் இரண்டு சொட்டு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கெஞ்சினேன், கத்தினேன். கதவைச் சாத்தினாள். கடைசியில், நேரில் வந்து ஊசலைப் பார், பிறகு பேசு என்றாள். போர்வை பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பார்க்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஒரு முள்ளெலி பண்ணிக் கொடு. நாலு கிலோ."

எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கு முள்ளெலி இல்லாமல் விடியாது. பச்சைப் பன்றிக் கொத்திறைச்சியை முள்ளெலி உருவத்தில் பிடித்து, முதுகு முழுக்க வெங்காயக் கீற்று குத்தி, கண்ணுக்கு இரண்டு கறுப்பு ஆலிவ் வைப்பாள் அம்மா.

"நாலு கிலோவா? யாருக்குப் பொறந்தநாள்?"

"ஹூபர்ட்னு ஒருத்தன்."

"நல்ல பேரு. ஆள் எப்படி?"

"கொஞ்சம் குண்டு. பேச்சு கம்மி."

"அதனால என்ன, உங்கப்பாவும் அப்படித்தான்" என்றாள், குரலில் ஒரு கல்யாணக் களையோடு.

பக்கத்து வீட்டில் ஒரு வண்டியை இரவல் வாங்கினேன். ஹூபர்ட்டுக்கு அடியில் பனிக்கட்டிப் பை, மேலே கண்ணாடித்தாள் சுற்று, தலைக்குக் கம்பளிக் குல்லா, அதற்கு மேல் போர்வை. தோழியின் பிள்ளை, அஞ்சு மாதம் என்று ஸ்வென்யாவிடம் சொன்னேன். உலகத்தில் இன்னொரு தாய் ராய்முண்டைத் தேடி வருகிறாள் என்பதே அவளுக்கு வெற்றி. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அங்கே முதலில் பிடுங்கிவிடுகிறார்களே.

ராய்முண்ட் வந்தான். வெறுங்கால், கசங்கிய நார்த்துணிச் சட்டை, தேன் தடவாத தேன்குரல்.

"நீதான் தங்கச்சியா? பேரு?"

"சிண்டி."

"சிண்டி" என்று திருப்பிச் சொல்லி ஒரு புன்னகை பூத்தான். கூடமும் பூத்தது. ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெயர் அது; அவர்கள் வீடுகளில் நாய்க்குக்கூட இந்தப் பெயர் வைக்கமாட்டார்கள்.

முதலில் ரூனாவின் வண்டி. ஊசல் கொஞ்சம் தயங்கி, வலப்பக்கம் சுற்றியது.

"நிறைவுதான். ஆனா ஓரத்துல ஒரு கலங்கல் இருக்கு. பக்கத்துல யாரோ சந்தேகத்தோட நிக்கிறாங்க" என்று என்னைப் பார்த்தான். "ஒளிச்சொட்டை ரெட்டிப்பாக்கு, ஸ்வென்யா." அக்கா பக்தியோடு பச்சை நோட்டை நீட்டினாள். சூரியன் விழுந்தது.

அடுத்து என் வண்டி.

"தூங்குறானா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"எழுப்ப வேண்டாம்."

"எழுப்ப முடியாது" என்றேன். அது சத்தியமான உண்மை.

ஊசல் கிளம்பியது பாருங்கள்! வட்டம் போட்டது. பெரிய வட்டம் போட்டது. நூல் விரலில் விர்ரென்று சுழன்றது. ராய்முண்ட் கண்ணை மூடினான். தொண்டை கரகரத்தது.

"எல்லாரும் பாருங்க. இந்தப் புள்ளையோட உடம்புல ஒரு துளி மிருக வேதனை கெடையாது. பி-12 பொங்கி வழியுது. இந்த வருஷம் நான் பார்த்ததுலயே தூய்மையான குழந்தை இவன்தான்."

நாற்பது ஜோடிக் கைகள் உயர்ந்து விரல்களை அசைத்தன. அவன் சொன்னதில் பி-12 பற்றிய வாக்கியம் மட்டும் உண்மை. ஊசல் ஏதோ ஒன்றில் நேர்மையாக இருந்தது.

"மிக்க நன்றி, திரு. டாவ்பர்" என்றேன். "இப்ப நீங்க போர்வையை விலக்குங்க."

எல்லாரும் 'நீ' என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் இடத்தில் 'நீங்க' என்று விழுந்தால் அது கன்னத்தில் விழுந்த மாதிரி. அசைந்துகொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"சிண்டி!" என்றாள் ஸ்வென்யா.

"சந்தேகம் ஒளியை..." என்று ஆரம்பித்தான் ராய்முண்ட்.

"சரி, நானே விலக்குறேன்."

விலக்கினேன். குல்லாவையும் எடுத்தேன். ஹூபர்ட் இரண்டு ஆலிவ் கண்களால் கூடத்தை அமைதியாகப் பார்த்தான். வெங்காயக் கீற்றுகள் சிலிர்த்து நின்றன.

ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஒருவர், "அது... முள்ளெலியா?" என்றார். பின்வரிசையில் ஒரு பெண் மெல்லிய குரலில் கேட்டாள்: "இயற்கை முறைல வளர்த்த பன்றியா?"

ராய்முண்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐந்து விநாடிதான் எடுத்துக்கொண்டான். "ஊசல் பொய் சொல்லல. செத்த மிருகம் நம்மளை மன்னிச்சிடுச்சு. அந்த மன்னிப்பைத்தான் அது வாசிச்சிருக்கு."

மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் எண்ணினேன். மூன்று பேர்.

ஆட்டாத தலை ஒன்று இருந்தது. இரட்டைப் பிள்ளைகளோடு வந்திருந்த ஹென்ரிக். பாலம் கட்டும் பொறியாளன் என்று முன்பே அக்கா பெருமையாகச் சொல்லியிருந்தாள். "ஒரு நிமிஷம், ராய்முண்ட். போன வாரம் என் பசங்களுக்கும் இதே வார்த்தைதானே சொன்ன? 'ஒரு துளி மிருக வேதனை கெடையாது.' இப்ப ஒண்ணு பண்ணலாம். நீ சுவத்தைப் பார்த்துத் திரும்பி நில்லு. நாங்க வண்டிங்களை இடம் மாத்தி வெச்சு, முழுசா மூடுறோம். எந்த வண்டில பன்றி இருக்குன்னு மட்டும் ஊசல் சொல்லட்டும். பத்து தடவை."

"ஊசல் களைச்சுப்போச்சு" என்றான் ராய்முண்ட்.

பித்தளை களைத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹென்ரிக் மெதுவாகத் தன் பச்சை நோட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அவன் முகம் புரட்டப் புரட்டச் சிவந்தது.

ஸ்வென்யாவின் முகமும் சிவந்திருந்தது. அது என்மேல் வந்த கோபத்தில். "இத்தனை பேர் முன்னாடி என்னைத் திரும்பத் தொத்திறைச்சிக்காரன் மகளாக்கிட்ட இல்ல? இதுக்குத்தான் வந்தியா?"

"நாம அவர் மகள்தான்டி. அவர் வாங்கின சம்பளத்துலதான் உனக்கும் எனக்கும் மஞ்சள் நோட்டு பக்கம் விடாம நிறைஞ்சுது. ஹூபர்ட்டை விடு. உன் வண்டிப் போர்வையை விலக்கு."

"மாட்டேன்."

"ஏன்?"

அவளே குனிந்து, என்னைப் பார்க்காமல், போர்வையைத் தள்ளினாள். ரூனா விழித்துத்தான் இருந்தாள். விழித்துக்கொண்டே கூரையைப் பார்த்துக் கிடந்தாள். இவ்வளவு சத்தத்துக்கும் அழவில்லை. வெளிறிய முகம். அக்கா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தலை பின்னால் சரிந்தது. கால்கள் துணிப்பொம்மை மாதிரி தொங்கின. அக்கா கொண்டை ஊசியைக் கழற்றி முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். ரூனா அதைப் பார்க்கவில்லை.

"இவ... அமைதியான..." என்றாள் ஸ்வென்யா. வாக்கியம் முடியவில்லை. கூடம் முழுக்க அந்தச் சரிந்த தலையைப் பார்த்தது. சிலர் அவசரமாகத் தங்கள் வண்டிகள் பக்கம் திரும்பிப் போர்வையைத் தூக்கினார்கள். அந்த மாடியில் ஒரு வருடத்தில் நடந்த முதல் மருத்துவப் பரிசோதனை அது.

"நான் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போறேன்" என்றேன். "அவசரப் பிரிவுல நேத்தே பேசிட்டேன். ரூனாவோட நீ வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து போலாம். வரலன்னா, டிராம் நிறுத்தத்துல நின்னு குழந்தைகள் நல அலுவலகத்தோட அவசர எண்ணுக்குப் பேசுவேன். அதுக்கப்புறம் நீ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்ட. தெரியும். அதுக்கும் துணிஞ்சுதான் சத்தியத்தை மீறினேன்."

"பயத்துல எடுக்குற முடிவு, சிண்டி..." என்று ராய்முண்ட் குரலில் மறுபடி தேன் ஊற்றினான்.

"திரு. டாவ்பர், ஹூபர்ட்டை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன். பத்திரமா பார்த்துக்குங்க. இந்தக் கூடத்துலயே பி-12 இருக்கிறது அவன்கிட்ட மட்டும்தான்."

வாசலில் காலணி அடுக்கு. நாற்பது ஜோடி, அழகாக, அளவு வாரியாக. காலணியைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், தரை சுத்தமாக இருக்கும். அதோடு சேர்த்து மூளையையும் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போகிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. காலணி தொலைந்தால் வேறு வாங்கலாம். உள்ளே வண்டியில் கிடப்பது உங்கள் பிள்ளை. எவன் சொன்னாலும், எத்தனை விரல்கள் காற்றில் அசைந்தாலும், போர்வையைத் தூக்கி ஒரு முறை நீங்களே பாருங்கள்.

வாரைக் கட்டிக்கொண்டேன். கைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து படியில் கால் வைத்தேன்.

பின்னால் காலுறை வழுக்கும் சத்தம்.

"ஏய் சிண்டி, கதவைப் பிடி. கையில புள்ள இருக்கு."