சூப்பு அவர்கள்

தொலைபேசியை வைத்தபோது அலுவலகத் தலைவர் நிஷிகோரியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"விடுதி அம்மா பேசினாங்க. 'இன்னிக்கு எங்க சூப்புக்கு ரொம்ப மரியாதை கிடைச்சிருக்கு'ன்னாங்க."

கனாகோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜப்பானின் இந்த மாட்சுவே ஊரில் ஒருவர் இவ்வளவு இனிமையாகப் பேசினால் உள்ளே கொதிக்கிறார் என்றுதான் அர்த்தம். நிஷிகோரி அந்த அம்மாவை மேலே பேசவே விடாமல், ரிசீவரைப் பிடித்தபடியே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்திருந்தார்.

வெந்நீர் ஊற்று விடுதிகளில், வரப்போகும் விருந்தினரின் பெயர்களை வாசல் பலகையில் எழுதி வைப்பது வழக்கம். தூரிகையால் எழுதிய பலகை இன்றுதான் திரைக்கு மாறுகிறது. அதற்கான கணினி நிரல் கனாகோவுடையது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'அவர்கள்' வர வேண்டும். இடம் இடமாகச் சேர்க்கச் சோம்பல்பட்டு, ரூபி என்ற கணினி மொழியில் எல்லாச் சொற்களுக்கும் தாய்வீடான ஸ்ட்ரிங் கிளாஸையே திறந்து, 'எதைக் காட்டினாலும் அவர்கள் சேர்த்துக் காட்டு' என்று எழுதிவிட்டாள். ரூபிக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது.

காலை உணவு அட்டையில் சோறு, மீன், ஊறுகாய் எல்லாம் முன்பே அச்சடித்தவை. அன்றைய சூப்பு மட்டும் கணினியிலிருந்து வரும். இன்று வந்தது: 'ஏரிச் சிப்பி சூப்பு அவர்கள்'.

மூன்று மணிக்கு விருந்தினர் வருவார்கள். மாலையில் விடுதிக்காரர்கள் சங்கத்தில் அந்த அம்மா பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். நல்ல வார்த்தை என்றால் ஊர் விடுதிகள் அத்தனையும் கனாகோவின் பொறுப்பில் வரும். இல்லையென்றால் தூரிகை திரும்பும், கனாகோவும் பழையபடி அடுத்தவர் நிரலில் பிழை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

ஆள் பெயராக இருந்தால் மட்டும் 'அவர்கள்' ஒட்டு என்று கிளாஸில் ஒரு நிபந்தனை போட்டாள். சூப்பு மறுபடி சூப்பானது. மதியம் விடுதியிலிருந்து மீண்டும் அழைப்பு.

"எங்க சமையல்காரர் இவ்வளவு பெரிய ஆள்னு தெரியாமப் போச்சுங்க."

அறைகளில் வைக்கும் வரவேற்பு மடலில் 'எங்கள் சமையல்காரர் அடாச்சி அவர்கள்' என்று அச்சாகியிருந்தது. சொந்த வீட்டு ஆளை விருந்தாளி முன்னால் யாராவது 'அவர்கள்' என்பார்களா? கனாகோவுக்கு மானம் போனது போலிருந்தது.

அடாச்சி என்றால் ஒட்டாதே என்று இன்னொரு நிபந்தனை போட்டாள். அந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஓர் அடாச்சியின் மேல்தான் விழ வேண்டும் என்பதை மறந்துபோனாள். அன்றைய விருந்தினரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். பலகையில் எல்லாரும் 'அவர்கள்' ஆக, அவர் மட்டும் வெறும் 'அடாச்சி'யாக, குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல நின்றார்.

மறுபடி மணி அடித்தது. நிஷிகோரி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார். பக்கத்து மேஜை கவாகாமி எடுத்தாள்.

"நிஷிகோரியா? அவன் இப்ப இங்க இல்லைங்க."

ரிசீவரை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

"தலைவரே, வெச்சுட்டாங்க. எழுந்து வாங்க."

கனாகோவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. தினமும் கேட்பதுதான், இன்றுதான் காதில் விழுந்தது. வெளியாளிடம் சொந்த ஆளைத் தாழ்த்தி 'அவன்', உள்ளே 'தலைவரே'. மேஜைக்கு அடியில் இருந்த மனிதரில் ஒரு முடிகூட மாறவில்லை. எங்கிருந்து கூப்பிடுகிறோம் என்பதுதான் மாறியது.

போட்ட நிபந்தனைகளை எல்லாம் அழித்தாள். ஸ்ட்ரிங் கிளாஸைப் பழையபடியே விட்டாள். 'அவர்கள்' மாற்றத்தை, கேட்கும் ஃபைலில் மட்டும் செல்லும் ரிஃபைன்மென்ட் என்று தனியாகக் கட்டி வைத்து, பலகையின் ஃபைலில் மட்டும் தலைப்பில் ஒரு வரி எழுதினாள்: இதைப் பயன்படுத்து. அந்த ஃபைலுக்குள் வரும் பெயர் எதுவானாலும் மரியாதை உண்டு, நீதிபதி அடாச்சி உட்பட. மடலின் ஃபைலுக்கும் சமையலறை ஃபைலுக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இனி எங்கே மரியாதை வேண்டுமோ அங்கே அந்த ஒரு வரி போதும்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யறே?" என்றார் மேஜைக்கு அடியிலிருந்து வந்த நிஷிகோரி.

"உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன் தலைவரே."

மன்னிப்புக்கென்று ஒரு இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் விடுதிக்கு ஓடினார்கள். மூன்று மணிக்கு நீதிபதி வந்தார். பலகையில் தன் பெயரைப் படித்தார், கோட்டின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார். மடலில் அடாச்சி வெறும் அடாச்சியாக அடக்கமாக இருந்தார்.

"சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்" என்றார் விடுதி அம்மா. நிஷிகோரி நடுங்கியதைப் பார்த்து, "நல்லாருக்குன்னுதாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

கனாகோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர் விடுதிகள் அத்தனையும் அவளுடையவை. நிஷிகோரி பெருமையாக, சூப்பையும் சரிசெய்துவிட்டோம், இனி ஒருநாளும் அந்தத் தவறு நடக்காது என்று சத்தியம் செய்தார்.

சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு அடாச்சி வந்தார். கையில் ராச்சாப்பாட்டு அட்டை, முகத்தில் ஏமாற்றம்.

"ஏங்க எடுத்தீங்க? காலையில 'அவர்கள்'னு போட்டதும் ஒருத்தர்கூட ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை. அம்மாவைப் போன் பண்ணச் சொன்னதே நான்தான், சோத்துக்கும் போடச் சொல்லி: சூப்புக்கு மட்டும் போட்டா சோறு கோவிச்சுக்காதா?"